டவரிலிருந்து மாரிக்கனி

மாரிக்கனி அக்கா கடற்படையில் அதிகாரியாக இருந்தவர் என்பது எங்கள் தெருவில் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், அவர் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி நான் குடிவந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தேவதானத்தில் தோப்பு வைத்திருக்கிறார், சீசனில் மாம்பழக் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்குவார், அவர் கணவர் தவசிமுத்து டெலிபோன் ஆபீஸில் வேலை பார்க்கிறார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் புதிதாக வந்த தபால்காரர் ஒரு கவரை நீட்டி, "கமாண்டர் மாரிக்கனின்னு யாரு சார் இங்க?" என்று கேட்டார். அப்படி யாரும் இல்லை என்று அடித்துச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோபமெல்லாம் இல்லை, சிரிப்புதான்.

"தம்பி, எனக்கு வந்த தபாலத் திருப்பி விட்டுட்டியளாமே. அந்தக் கமாண்டர் நாந்தான்."

அன்று ஆரம்பித்த பேச்சு. பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்றதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எழுதுங்க. ஆனா நானே தனியாப் போயி எதையோ பிடிச்சுட்டு வந்த மாதிரி எழுதாதிய. அது பொய்யாப் போகும்."

அதனால் பர்வீனிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மாரிக்கனியும் பர்வீனும் ராஜபாளையத்தில் ஒரே கல்லூரியில் இயற்பியல் படித்தவர்கள். மாரிக்கனி தேவதானத்திலிருந்து சேத்தூர் வழியாக பஸ்ஸில் வருவார். பர்வீனுக்கு ஊருக்குள்ளேயே வீடு. அவருடைய அத்தா நைனா முகமது ஜவுளிக்கடை வைத்திருந்தார். 1993-ல், கடைசி வருடப் பரீட்சைக்குச் சில மாதம் முன்னால், கல்லூரி நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைப் பர்வீன்தான் பார்த்தார். கடற்படையில் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இயற்பியல் படித்தவர்களுக்கு விமானக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இடம் உண்டு என்று போட்டிருந்தது. பர்வீன் யாரிடமும் சொல்லாமல் எழுதிப் போட்டு விண்ணப்பப் படிவத்தை வரவழைத்துவிட்டார். படிவம் வந்த வாரத்தில்தான் அவருக்குக் கல்யாணமும் நிச்சயமானது.

பஸ் ஸ்டாண்டில் வைத்துப் படிவத்தை மாரிக்கனியின் கையில் திணித்தார்.

"நீ எழுது ஏட்டி."

"ஏன், நீ எழுதலியா?"

"தேதி குறிச்சாச்சு. அத்தாகிட்டக் கேட்டா விட்டாலும் விடுவாக. நான் கேக்கப் போறதில்ல. எனக்கு அந்த மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கு. அதுக்காக இந்தக் காயிதம் வீணாப் போகணுமா?"

"கடலுக்கும் எனக்கும் என்னட்டி சம்பந்தம்? திருச்செந்தூர்ல ஒரு தடவ கால நனைச்சிருக்கேன், அம்புட்டுதான்."

"நான் மட்டும் கப்பலா ஓட்டிருக்கேன்? எழுது."

மாரிக்கனியின் அப்பா பாண்டிச்செல்வம் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, தேவதானத்தில் நெல்லும் தென்னையும் பார்த்துக்கொண்டிருந்தவர். படிவத்தை இரண்டு முறை படித்தார். "சிப்பாய்க்கா, ஆபீசருக்கா?" என்று கேட்டார். ஆபீசருக்குத்தான் என்று மகள் சொன்னதும் மூன்றாவது முறையும் படித்தார். அம்மா குருவம்மாள்தான் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார்.

"பொட்டப்பிள்ளயக் கப்பல்ல ஏத்திவிடவா காலேஜுக்கு அனுப்புனோம்?"

"ஏறட்டும்," என்றார் பாண்டிச்செல்வம். "எறங்கணும்னா அவளுக்கு எறங்கத் தெரியும்."

தேர்வுக்கு பெங்களூருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஐந்து நாள் தேர்வு. வெள்ளைக் கால்சட்டை இரண்டு, கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி கொண்டுவர வேண்டும். அந்தக் காலத்தில் ராஜபாளையத்தில் பெண்ணுக்கான கால்சட்டையை எந்தக் கடையில் போய்க் கேட்பது? தைக்கலாம் என்றால், ஆண் டெய்லர் மகளுக்கு அளவெடுப்பதற்குக் குருவம்மாள் சம்மதிக்கவில்லை. விஷயம் பர்வீன் காதுக்குப் போய், அங்கிருந்து நைனா முகமது காதுக்குப் போனது. இரண்டு பெண்களும் ஒரே உயரம். நைனா முகமதுவே டேப்பை எடுத்துத் தன் மகளை நிறுத்தி அளந்து, கடைக்குப் பின்னாலிருந்த மிஷினில் தானே உட்கார்ந்து இரண்டு கால்சட்டைகளையும் தைத்தார். கடை வைப்பதற்கு முன்னால் அவர் டெய்லராக இருந்தவர். பர்வீன் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பார் என்பதால் மாரிக்கனிக்கு இடுப்பு இரண்டு அங்குலம் தளர்ந்தது. ஐந்து நாளும் இரண்டு பக்கமும் ஊக்கு குத்தித்தான் சமாளித்திருக்கிறார்.

"கயித்துல தொங்கும்போதுகூட எனக்கு விழுந்துருவமோன்னு பயமில்ல தம்பி. ஊக்கு கழண்டுருமோன்னுதான் பயம்."

பெங்களூருக்குப் பாண்டிச்செல்வமும் கூடப் போனார். ரயிலடிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினார். தேர்வு நடக்கும் இடத்துக்குள் அவரை விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தினமும் சாயங்காலம் கேட்டுக்கு எதிரே ஒரு மரத்தடியில் வந்து நின்றார். கூப்பிடவுமில்லை, கையசைக்கவுமில்லை. மகள் மைதானத்திலிருந்து திரும்பும்போது பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

நேர்காணலில் ஒரு மூத்த அதிகாரி கேட்டார்: உங்கள் ஊரில் கடலே கிடையாதே, எதற்காகக் கடற்படை? தேசபக்தி, சவால் என்றெல்லாம் மற்றவர்கள் தயாரித்து வைத்திருந்த பதில் எதுவும் மாரிக்கனிக்கு வரவில்லை. உள்ளதைச் சொன்னார்: "என் சிநேகிதி படிவம் கொடுத்தாள், ஐயா." அந்தச் சிநேகிதி ஏன் வரவில்லை என்று அவர் கேட்க, "சித்திரையில் அவளுக்குக் கல்யாணம்" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அந்த அதிகாரி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்படியென்றால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நீ வேலை பார்க்க வேண்டும்" என்றாராம். அவர் பெயர்கூட மாரிக்கனிக்குத் தெரியாது.

தேர்வாகிவிட்டார். கோவாவில் பயிற்சி. தேவதானத்து பம்புசெட்டுக் கிணற்றில் குதித்து வளர்ந்தவருக்கு நீச்சலில் கஷ்டமில்லை. கடலில் போன முதல் நாள் மட்டும் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தார். வடக்கத்திக்காரர்கள் வாயில் மாரிக்கனி என்ற பெயர் நுழையவில்லை. 'மேரி' என்று ஆக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்துக்குப் போகும் வண்டியில் அவரையும் ஏற்றினார்கள். இரண்டு வாரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்த பிறகுதான், தன் ஊரின் மாரியம்மனைப் பற்றி யாருக்கோ விளக்கியிருக்கிறார்.

வீட்டுக்குக் கடிதம் எழுதினால் பாண்டிச்செல்வம் படித்துவிட்டு, "நல்லா இருக்காளாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். குருவம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி ராஜபாளையத்துக்குப் போய், பர்வீனிடம் கொடுத்து முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவார். பர்வீன் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிதான் இருந்தார். மாரிக்கனி வேலையில் இருந்த பதினான்கு வருடமும் இது நடந்தது.

பயிற்சி முடிந்து முதல் வேலை ஒரு கடற்படை விமானத் தளத்தில். ஓடுபாதைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு கோபுரம் இருக்கும். டவர் என்பார்கள். அதில் உட்கார்ந்து, ஏறுகிற விமானம், இறங்குகிற விமானம் எல்லாவற்றுக்கும் ரேடியோவில் வழி சொல்ல வேண்டும். அந்த டவரில் அதுவரை பெண் குரல் கேட்டதில்லை. மாரிக்கனி முதல் நாள் மைக்கை எடுத்துப் பேசியதும், மேலே இருந்த விமானி பதற்றத்தோடு, "டவர், நம் அலைவரிசையில் யாரோ ஒரு பெண் குறுக்கே வந்துவிட்டார்" என்றார். மாரிக்கனி நிதானமாகக் காற்றின் வேகத்தையும் ஓடுபாதையின் எண்ணையும் திரும்பச் சொன்னார். அந்த விமானி இறங்கியதும், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படியேறி வந்து மன்னிப்புக் கேட்டார்.

அதற்கடுத்த ஊர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம். சின்னத் தளம். அந்த டவரில் ஒரே ஒரு கழிப்பறை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. ஆண்கள் மட்டும் இருந்தவரை யாருக்கும் அது தேவைப்படவில்லை. மாரிக்கனி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எட்டு மணி நேர வேலையிலும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார். நான்கு மாதத்தில் காய்ச்சலும் வயிற்று வலியுமாக ஆஸ்பத்திரியில் படுத்தார். சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர்.

திரும்பி வேலைக்கு வந்த அன்று, டவரில் வேலை பார்த்த வேல்சாமி என்ற மாலுமி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், வயதில் மூத்தவர், பேச்சுக் குறைவு.

"மேடம், தண்ணி குடிங்க. கொண்டி போட்டாச்சு."

அவ்வளவுதான் சொன்னார். மாரிக்கனி போய்ப் பார்த்தபோது கதவின் உள்பக்கம் புத்தம்புது இரும்புக் கொண்டி. சுவரில் ஒரு கண்ணாடி, ஒரு வாளி, சோப்பு டப்பா.

"மேலிடத்துக்கு எழுதிப் போட்டா ஒரு வருஷம் ஆயிருக்கும். அவிய திருப்புளிய எடுத்துப் போட்டுட்டுப் போயிட்டாவ. என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல," என்று சொல்லும்போது மாரிக்கனி அக்கா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

அந்தத் தளத்தில்தான் அது நடந்தது. 1998 நவம்பர். வடகிழக்குப் பருவமழை. காலை பத்து மணிக்கு, கடலில் ஒரு மீன்பிடி படகு கவிழ்ந்துவிட்டது என்று தகவல் வந்து, மூன்று பேரோடு ஒரு ஹெலிகாப்டர் புறப்பட்டுப் போனது. ஓட்டியவர் லெப்டினன்ட் ஜெபக்குமார், நாகர்கோவில்காரர். மாரிக்கனிக்கு ஒரு வருடம் மூத்தவர். ராஜபாளையத்து நாய்க்குட்டி ஒன்று வேண்டும் என்று மாதக்கணக்காக மாரிக்கனியை நச்சரித்துக்கொண்டிருந்தவர்.

படகில் இருந்தவர்களில் இரண்டு பேரைத் தூக்கிவிட்டார்கள். திரும்பும் வழியில் மழை இறங்கியது. முன்னாலிருக்கும் கண்ணாடிக்கு வெளியே வெள்ளைச் சுவர் மாதிரி மழை. கடலெது வானமெது என்று தெரியவில்லை. எரிபொருள் இருபத்தைந்து நிமிடத்துக்குத்தான் இருந்தது.

அந்தத் தளத்தில் ராடார் கிடையாது. விமானி ரேடியோவில் பேசினால் அந்தக் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று முள் நகர்ந்து காட்டுகிற ஒரு கருவி மட்டும் உண்டு. அவர் பேசினால்தான் முள் நிற்கும். நிறுத்திவிட்டால் முள் சும்மா ஆடும். ஆனால் ஜெபக்குமார் பேசவில்லை. கைக்கும் கண்ணுக்கும் வேலை அதிகமாகும்போது விமானிகளின் வாய் அடைத்துப்போகும் என்பார் மாரிக்கனி. முறைப்படி ஆங்கிலத்தில் மூன்று முறை அழைத்தார். கேட்டது என்பதற்கு 'ரோஜர்' என்று ஒற்றைச் சொல். முள் துள்ளிவிட்டு மறுபடி ஆடியது. நான்காவது முறை அதுவும் வரவில்லை.

மாரிக்கனி மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தார்.

"ஜெபக்குமார், நான் மாரிக்கனி பேசுதேன். கேக்குதா?"

இரண்டு விநாடி கழித்து, "கேக்குது."

"வெளிய பாக்காதிய. மீட்டர மட்டும் பாருங்க. எங்கிட்டப் பேசிக்கிட்டே இருங்க. நீங்க பேசுனாத்தான் எனக்கு முள்ளு நிக்கும்."

"என்ன பேச?"

"நாய்க்குட்டி கேட்டியளே. ஆணா, பொட்டையா?"

மறுமுனையில் முதலில் மழை இரைச்சல்தான். பிறகு, "ஆண்… ஆண் குட்டி. வெள்ளை."

முள் நின்றது.

"வலது பக்கம் பத்து டிகிரி. திரும்பிட்டியளா? எங்க கட்டி வளப்பிய? மெஸ்ஸுல விடமாட்டாவளே."

"அம்மைகிட்ட ஊருக்கு விட்டுருவேன். வீட்டுக்குப் பின்னால தோட்டம் உண்டு. பத்து டிகிரி திரும்பியாச்சு."

"உசரத்தக் கொறைக்காதிய. அப்படியே வாங்க. தோட்டத்துல என்ன போட்டிருக்காவ?"

"வாழை. நாலு தென்னை. ஒரு பலா…"

"இடது அஞ்சு. ஒவ்வொண்ணா சொல்லுங்க. நிறுத்தாதிய."

இப்படிப் பதினெட்டு நிமிடம். நாகர்கோவில் வீட்டுத் தோட்டத்தில் இருந்த அத்தனை மரமும் ரேடியோவில் வந்தது. வேல்சாமி டவரின் வெளிமாடியில் கொட்டுகிற மழையில் நின்று, நிமிடத்துக்கு ஒன்றாகப் பச்சை வெளிச்சத் தோட்டாவை மேலே சுட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஜெபக்குமாரின் குரல் மாறியது.

"பச்சை தெரியுது. மாரி, பச்சை தெரியுது!"

ஹெலிகாப்டர் தரையைத் தொட்டபோது எரிபொருள் முள் அடியில் கிடந்தது. மாரிக்கனி மைக்கைக் கீழே வைக்கப் பார்த்தார். விரல் பிரியவில்லை. வேல்சாமிதான் ஈரக் கையால் ஒவ்வொரு விரலாக விலக்கி எடுத்துவிட்டார்.

மறுநாள் தளத்தின் தலைமை அதிகாரி கூப்பிட்டார். ரேடியோவில் பேசுவதெல்லாம் நாடாவில் பதிவாகும். தமிழ் தெரியாத அவர் வேல்சாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவைக் கேட்டிருக்கிறார். வேல்சாமி விறைப்பாக நின்று, "ஐயா, இந்த இடத்தில் நாய்க்குட்டி ஆணா பெண்ணா என்று கேட்கிறார்கள். இந்த இடத்தில் பலா மரம்," என்று மொழிபெயர்த்தாராம். அலைவரிசையில் முறையற்ற மொழியில் பேசியதற்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, ஐந்து உயிரைக் காப்பாற்றியதற்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று. இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் அந்த அதிகாரி. முதல் கடிதத்தைக் கொடுக்கும்போது முறைத்தார். இரண்டாவதைக் கொடுக்கும்போது எழுந்து நின்றார்.

அடுத்த மாதம் பாண்டிச்செல்வம் ஒரு வெள்ளைக் குட்டியை வயர்கூடையில் வைத்து, மேலே துண்டைப் போர்த்தி, மூன்று பஸ் மாறி ராமநாதபுரம் வந்து சேர்ந்தார். கேட்டில் ஜெபக்குமாரே வந்து வாங்கிக்கொண்டார். மாரிக்கனி சீருடையில் வந்து நின்றதும் பாண்டிச்செல்வம் காலைச் சேர்த்து சல்யூட் வைத்துவிட்டார். ஹவில்தாருக்கு அதிகாரியைப் பார்த்ததும் கை தானாக எழுந்துவிட்டது. அன்று முழுக்க மகள் எவ்வளவு சொல்லியும் அவர் எதிரில் உட்காரவில்லை. சாப்பிடவும் மாட்டேன் என்றார். மாரிக்கனி அறைக்குப் போய்ச் சேலை கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து, "பசிக்குது தாயி" என்றார். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போது மாரிக்கனி சீருடையைக் கொண்டுபோனதே இல்லை.

இரண்டாயிரத்தில் கல்யாணம். பெண் பார்க்க வந்த இடத்தில் எல்லோரும் வேலையை எப்போது விடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க, தவசிமுத்து மட்டும் அந்த வேலையில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மாரிக்கனி விளக்கினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "நானும் லைன் அந்துபோகாமப் பாக்குற ஆளுதான். நமக்கு ஒத்துவரும்" என்றார். இவர் கொச்சி, கோவா, விசாகப்பட்டினம் என்று மாறிக்கொண்டிருக்க, அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். மகள் பிறந்து ஒன்றரை வயது ஆனதும் குருவம்மாள் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்.

குருவம்மாளுக்கு ஒரு குறை மட்டும் உண்டு. "கப்பல் வேலன்னு போனவ, ஒரு கப்பலக்கூட ஓட்டலயாமே." அவரைக் கொச்சிக்கு அழைத்துப்போய், பொதுமக்களைக் கப்பலில் ஏறவிடும் நாளில் ஒரு போர்க்கப்பலைக் காட்டினார் மாரிக்கனி. பீரங்கியையெல்லாம் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகச் சமையல் கட்டுக்குப் போய் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்த மாலுமியிடம், "எம்புட்டுப் பேருக்கு ஆக்குறிய?" என்று கேட்டார். முந்நூறு பேருக்கு என்று பதில் வந்தது. "நீங்க நல்லா இருக்கணும்ய்யா" என்று அவர் தலையில் கைவைத்துவிட்டு இறங்கினார். அதோடு குறை தீர்ந்தது.

பெண்களுக்கு அப்போது நிரந்தரப் பணி கிடையாது. முதலில் ஏழு வருடம் என்றார்கள், பிறகு பத்து, பிறகு பதினான்கு. 2008-ல் பதினான்கும் முடிந்தது. கூடச் சேர்ந்த ஆண்கள் தொடர்ந்தார்கள். மாரிக்கனி கமாண்டர் பதவியோடு வெளியே வந்தார். ஓய்வூதியத்துக்கு இருபது வருடம் வேண்டும், அதனால் அதுவும் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன்.

"வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன் தம்பி. முதல் ஆறு மாசம் காதுல ரேடியோச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அடுப்படில நிக்கும்போது விமானம் போச்சுன்னா கரண்டியோட வெளிய ஓடிருவேன். ஆனா எனக்குக் கெடச்சது எங்க வட்டாரத்துல வேற எந்தப் பொம்பளைக்குக் கெடச்சிருக்கு?"

ஊர் வந்து சேர்ந்த வாரத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு அர்ச்சனைக்குப் போனார். பெயர், நட்சத்திரம் கேட்டார் குருக்கள். "வேல்சாமி," என்றார் மாரிக்கனி.

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. அடுத்து ஜெபக்குமார்."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார்.

"நைனா முகமது. பர்வீன்…"

"மொத்தம் எத்தனை பேரும்மா?"

"பதினாறு பேரு. ஒருத்தர் பேரு எனக்கே தெரியாது. பெங்களூர்ல இண்டர்வியூ பண்ணுனவரு."

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார். "சுவாமி பேருக்கே பண்ணிடறேன். எல்லார் நட்சத்திரமும் அவருக்குத் தெரியும்."

பிறகு தேவதானத்துத் தோப்பை எடுத்துக்கொண்டார். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராக அங்கிருந்த வீட்டிலேயே காலமானார்கள். கடைசிவரை கூட இருந்து பார்க்க முடிந்ததற்கு, பதினான்கோடு அனுப்பியதும் ஒருவகையில் நல்லதுதான் என்பார்.

2020 மார்ச்சில், கடற்படைப் பெண்களுக்கும் நிரந்தரப் பணி உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்று மத்தியானம் நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். டெல்லியிலிருந்து போன் வந்தது. அவருக்குப் பல வருடம் பின்னால் சேர்ந்த ஷைனி என்ற அதிகாரி. மறுமுனையில் சிரிப்பும் அழுகையும் எனக்கே கேட்டது. பேசி முடித்து போனை வைத்ததும் தவசிமுத்து கேட்டார்:

"உனக்கும் சேருமா?"

"சேராது. நான் வெளிய வந்து பன்னெண்டு வருசமாச்சு, கேஸ்லயும் நான் இல்ல."

"பின்ன எதுக்கு இந்தச் சிரிப்பு?"

"அவளுக இனிமே பெட்டியக் கட்ட வேண்டாம்லா."

மறுநாளே எழுத உட்கார்ந்துவிட்டார். வழக்குப் போட்ட பெண்களில் யார் யார் முகவரி கிடைத்ததோ அவர்களுக்கெல்லாம் கையால் ஒரு கடிதம். நன்றி என்பதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. தபாலில் சேர்ப்பதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. கவர்களெல்லாம் மே மாதம் வரை அலமாரியில் கிடந்து பிறகுதான் போயின.

மூன்று வருடம் கழித்து ஷைனியிடமிருந்து அழைப்பு வந்தது. அவருக்குக் கமாண்டருக்கு அடுத்த படியான கேப்டனாகப் பதவி உயர்வு, கொச்சியில் சடங்கு, கட்டாயம் வர வேண்டும். தவசிமுத்துவுக்கு முழங்கால் வலி. மாரிக்கனி ராஜபாளையத்துக்குப் போய்ப் பர்வீனைக் கிளப்பிவிட்டார். பர்வீனுக்கு அப்போது மூன்று பேரப்பிள்ளைகள், கடை முழுக்க அவர் பொறுப்பு. இரண்டு நாள் கடையை மருமகளிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார். இரண்டு பேரும் ரயிலில் போனார்கள்.

புதிய பதவியின் தோள்பட்டைச் சின்னத்தை ஒரு தோளில் மூத்த அதிகாரியும் மறு தோளில் வீட்டு மனிதர் ஒருவரும் மாட்டிவிடுவது வழக்கமாம். ஷைனியின் கணவர் சின்னத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அதை அப்படியே மாரிக்கனியிடம் நீட்டினார். முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். மாரிக்கனிக்கு யாரும் சொல்லவில்லை.

நாலு தங்கக் கோடு போட்ட சின்னம். அதை அவர் கையில் வாங்கியதே முதல் தடவை. சட்டைத் தோளின் பட்டிக்குள் அதை நுழைத்துப் பொத்தானைப் போட வேண்டும். கண்ணில் நீர் மறைத்தது, சின்னம் பட்டிக்குள் ஏறவில்லை. ஹால் முழுக்க வெள்ளைச் சீருடைகள், நிசப்தம். அந்த நிசப்தத்தில், பின்வரிசையிலிருந்து எழுந்து வந்த பர்வீன், காதருகில் குனிந்து சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஏட்டி, கோணலா மாட்டுற. நேராப் போடு."

ஷைனிக்குத் தமிழ் புரியும். அவர்தான் முதலில் சிரித்தார். பர்வீன் ஒரு கையால் தோள் துணியை இழுத்துப் பிடித்துக்கொள்ள, மாரிக்கனி சின்னத்தை நுழைத்துப் பொத்தானைப் போட்டார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. அப்புறம் மெஸ்ஸில் விருந்து. வெள்ளைச் சீருடைப் பெண்கள் பலர் வந்து வந்து இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டார்கள். பர்வீன் ஒருத்தியின் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்து, இது என்ன துணி, தண்ணீரில் சுருங்காதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம்.